தானா நின்னுச்சு

காலை ஏழு மணிக்கு ரம்பத்தின் கம்ப்யூட்டர் மூன்று முறை கத்திவிட்டு அடங்கியது. திரையில் ஒன்றுமே வரவில்லை. கருங்கல் அறுக்கும் ரம்பம் அது. கம்ப்யூட்டரில் அளவு கொடுத்தால்தான் இம்மியாவது நகரும்.

முதலாளி எட்டிப் பார்த்தார். நாலு மணிக்குள் ஓடாவிட்டால் ரம்பத்தைப் பழைய இரும்பு லாரியில் ஏற்றிவிடுவதாகவும், நான் நாளை முதல் கல் ஏற்றும் ஆட்களோடு போய் நிற்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். என் வலது கையில் கட்டைவிரலும் அதற்கு அடுத்ததும் கிடையாது. முன்பிருந்த ரம்பம் தின்றுவிட்டது. இந்தக் கையால் கல் தூக்கினால் இரண்டாம் நாளே கல்லைக் காலில் போட்டுக்கொள்வேன். அது அவருக்கும் தெரியும்.

போனில் கல்லறுப்பு ஆபரேட்டர்களுக்கென்று ஒரு குழு உண்டு. ஆயிரக்கணக்கான பேர். "கம்ப்யூட்டர் ஓடல. அவசரம். யாராவது காப்பாத்துங்க" என்று போட்டேன். பதில் இல்லை. அதையே இன்னும் இரண்டு முறை போட்டேன். ஒருத்தன் பிளக் சொருகியிருக்கா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனான்.

பத்து மணிக்கு 'ஒட்டடை' என்ற பெயரில் ஒருவர் எழுதினார்.

"காப்பாத்துறேன் அண்ணே. என்னத்தைன்னு சொல்லுங்க."

எந்த மாடல், எத்தனை சத்தம், எந்த விளக்கு எரிகிறது, நிற்பதற்கு முன்னால் அதை என்ன செய்தேன் என்று நாலு கேள்வி. முதல் மூன்றுக்கும் படம் பிடித்தே அனுப்பினேன். நாலாவதுக்கு, "ஒண்ணும் செய்யல. தானா நின்னுச்சு" என்றேன்.

எங்கள் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே கற்றுக்கொள்ளும் பேச்சு அது. கடைசியாகத் தொட்டவன் தலையில்தான் பழி விழும் என்பதால் யாரும் எதையும் தொட்டதே இல்லை. பெல்ட் தானாக அறும். பிளேடு தானாக உடையும். என் விரல் போன அன்று, நான் உள்ளே கைவிட்டிருந்தது தெரியாமல் சுவிட்சைப் போட்டது மேஸ்திரி. மெஷின் தானாக ஓடியதென்று ரிஜிஸ்டரில் எழுதினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கிடைத்ததுதான் உட்கார்ந்து பார்க்கும் இந்த வேலை.

என் பேச்சை நம்பி ஒட்டடை பாவம் எங்கெங்கோ தேடினார். பவர் சப்ளையை மாற்றச் சொன்னார். ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து கெஞ்சி வாங்கி மாட்டினேன். இரண்டு மணி நேரம் போனது. அதே மூன்று சத்தம். திரைக்குப் போகும் வயரை மாற்றினேன். அதே சத்தம். மணி இரண்டாகிவிட்டது. சட்டையெல்லாம் வேர்த்து, கல் தூசியோடு சேர்ந்து சேறாக ஒட்டியது.

"தானா எதுவும் நிக்காது அண்ணே. நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் இங்க இருந்து தேடணும்" என்று எழுதினார் ஒட்டடை.

செய்தது இதுதான். காலையில் கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றி, தூசி போகக் கம்ப்ரசர் குழாயால் உள்ளே காற்றடித்தேன். நாங்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் ஊதுவோம், தலைமுடி உட்பட. இதை எழுதிவிடலாம். ஆனால் மேஸ்திரியும் அதே குழுவில் இருக்கிறார். வாயே திறக்கமாட்டார், ஒன்று விடாமல் படிப்பார்.

பாலீஷ் ஷெட்டில் வேலை செய்யும் என் மனைவி விஷயம் கேள்விப்பட்டு வந்தாள்.

"எழுதினா மேஸ்திரி துரத்துவார். எழுதலைன்னா முதலாளி துரத்துவார். யார் துரத்தினா என்ன, எழுதித் தொலை."

எழுதினேன். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் சேர்ந்து வரும். அந்த வேகத்தில் ரேம் என்ற நினைவக அட்டை இடம்விட்டு அசைந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதைக் கழற்றி, அதன் ஓரத்து மஞ்சள் பற்களை ரப்பரால் தேய்த்துத் துடைத்து, திரும்பச் சொருகி, இரண்டு முனையிலும் கட்டைவிரல் வைத்து ஒரே நேரத்தில் அழுத்தவேண்டும்.

எனக்கு இருப்பது ஒன்று. அவளைப் பார்த்தேன். கல்லில் நம்பர் போடும் பென்சிலை அவள் இடுப்பிலிருந்து எடுத்தாள். அதன் முனை ரப்பரால் தேய்த்தாள். பிறகு இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினாள். டக்கென்றது. மூன்றரைக்குத் திரை எரிந்தது. ரம்பம் நகர்ந்தது.

எது சரிசெய்தது என்று எழுதிப் போடச் சொன்னார் ஒட்டடை. நாளைக்கு இன்னொருத்தன் இதே மூன்று சத்தத்தோடு வருவானாம். ஊதினதிலிருந்து ஒன்று விடாமல் எழுதினேன்.

மேஸ்திரி போனைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"அழிச்சிரு. முதலாளி கேட்டா தானா நின்னுச்சு, தானா ஓடிச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். சொல்லும்போது அவர் கண் என் வலது கைக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"தானா ஓடினது ஒரு தடவை போதும் மேஸ்திரி."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நாலு மணிக்கு லாரி வந்தது. ரம்பம் ஓடுவதைப் பார்த்த முதலாளி, ஏன் நின்றது என்று மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"நான்தான் ஊதினேன்" என்றேன்.

முதலாளி என்னையும் ரம்பத்தையும் மாறிமாறிப் பார்த்தார். காலையில் பேசிக்கொள்ளலாம் என்றார். லாரி காலியாகத் திரும்பிப் போனது. பட்டறை கேட்டுக்கு அந்தப் பக்கம் நாளைக்கு நான் நிற்பேனா, இந்தப் பக்கம் இருப்பேனா என்று தெரியாது. அறுக்கவேண்டிய கல் இன்னும் பாதி இருந்தது. அளவைக் கொடுத்தேன்.