கிணற்றில் இறங்கிய விளக்கு

...சொல்லக்கூடாது, இன்றைக்கு வாயைத் திறக்கமாட்டேன் என்று காரிலேயே லோர்னாவிடம் சத்தியம் செய்தாயிற்று, பெற்ற மகளே கெஞ்சுகிறாள், "அப்பா, அந்தக் கிணத்துக் கதைய அங்க வந்து எடுத்துடாதீங்க, அவரு வேலைல சேந்து ரெண்டு வாரந்தான் ஆகுது" என்று, சரி, பழைய குடியேறிகளின் மரவீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வைக்கோல் தொப்பியும் தோள்வாருமாக நிற்பதற்கு மாப்பிள்ளை கர்டிஸுக்கு மாநிலப் பூங்காவில் சம்பளம், அதுவும் ஒரு வேலை, ஆனால் கயிறு அறுந்து வாளி விழுந்தால் வாளி போகட்டுமே, அதை எடுக்க இவன் ஏன் இறங்கவேண்டும், குளிர்காலம் பூராவும் மூடிக்கிடந்த கிணறு, பலகையைத் தூக்கியதுமே அந்த வாடை, அழுகிய இலை வாடை, எமெட் இறங்கிய அன்றைக்கும் இதே வாடைதான், என் தம்பி, இருபத்திரண்டு வயது, நாங்கள் கிணறு வெட்டிப் பிழைத்தவர்கள், முதலில் விளக்கை இறக்கு, அணைந்தால் அடியில் விஷக்காற்று, ஆள் இறங்காதே, சோறூட்டும்போதே சொல்லி வளர்த்தது, அன்றைக்கு மட்டும் தீப்பெட்டி நனைந்துவிட்டது, "ஒரு நிமிசந்தாண்ணே" என்றான்...

"என்ன மாமா, மூஞ்சி வெளுத்துப்போச்சு? நீங்க வேணா இறங்குறீங்களா?" கர்டிஸ் கண்ணடித்தான், கூட்டம் சிரித்தது, லோர்னா என்னை முறைத்தாள், ஆனாலும் மாப்பிள்ளை விவரமானவன்தான், விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினான், "அந்தக் காலத்துல இப்படித்தான் கிணத்துக் காத்தச் சோதிச்சாங்க" என்று கூட்டத்துக்குப் பாடம் வேறு, விளக்கு அடிவரை போய் நின்று எரிந்தது, அப்பாடா, அணையவில்லை, அவனும் விசிலடித்துக்கொண்டே ஏணியில் இறங்கினான், சாப்பாட்டு மேசையில்கூட நிறுத்தாத விசில், எத்தனை நாள் எரிச்சலாக இருந்திருக்கிறது, இப்போது கேட்கக் கேட்க நிம்மதி, நான் எட்டிப் பார்த்தபடியே நின்றேன், நல்ல சுடர், மஞ்சளாக, ஆடாமல்... ஆடாமலா? ஆள் இறங்கினால் காற்று கலங்காதா, சுடர் ஒரு தடவையாவது தலையசைக்க வேண்டாமா... பக்கத்தில் நீளப் பாவாடை வேஷத்தில் நின்ற பூங்காக்காரப் பெண்ணிடம், "திரிய யாரும்மா கொளுத்துனது?" என்றேன். "திரியா? மரவீட்டுப் பக்கம் தீக்குச்சியே கொண்டாரக் கூடாதுங்க. அது பேட்டரி" என்று சிரித்தாள். லோர்னா என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள், "அப்பா, சத்தியம் பண்ணிருக்கீங்க." கீழே விளக்கு அழகாக எரிந்துகொண்டுதான் இருந்தது... விசில், அந்த விசில் எப்போது நின்றது?