பாலைவன வளைவில் என் கிழவன்

வண்டியை நான்தான் ஓட்டினேன். காலமெல்லாம் பேருந்து ஓட்டிய புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இப்போது கியரை மாற்று, இப்போது காலை எடு என்று பாடம் நடத்தினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊர் திரும்பியதும் சந்தியாகோவில் அவன் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றப் போகிறார்கள். பிழைத்துவிடுவானா என்று நான் நேராகவே கேட்டேன். டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, வயதாகிவிட்டதே அம்மா என்றார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் கிடையாது.

எரிபெர்த்தோவுக்கோ கவலையே இல்லாத மாதிரி இருந்தது. கம்பெனி கழித்துக் கட்டிய பழைய பேருந்தை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, கட்டிலும் அடுப்பும் பாத்திரம் கழுவத் தொட்டியும் வைத்து, அதை ஓடுகிற வீடாக்கியிருந்தான். இந்தப் பாலைவனத்தை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன், ஒரு இடத்திலாவது இறங்கிப் பார்த்தேனா என்று நச்சரித்தான். ஆபரேஷனுக்கு முன்னால் பார்த்தாக வேண்டுமாம். கூடவே கூடாது என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். நான் எங்கள் ஊர் ஒவாயேயிலிருந்து வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

மணலிலிருந்து முளைத்து நிற்கிற அந்தப் பெரிய சிமென்ட் கையைப் பார்த்தோம். கட்டைவிரல் அடியில் தன்னை நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னான். அங்கே நடந்து போவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. வெடியுப்புச் சுரங்கக்காரர்கள் விட்டுப்போன பாழடைந்த ஊரில், காற்று மட்டும் வந்துபோகிற நாடகக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு, ஆட்டம் ஆரம்பிக்கட்டும், அப்புறம் வருகிறேன் என்று அடம்பிடித்தான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அடுத்தது உப்பு ஏரியில் பூநாரைகள். அவற்றைப் பார்க்கத்தான் நான் வந்ததே.

வழியில் ஒரே ஒரு சண்டைதான். சாலையில் யாராவது செத்தால், உயிர் போன இடத்திலேயே உறவுக்காரர்கள் நாய்க்கூண்டு அளவுக்கு ஒரு குட்டி வீடு கட்டிச் சிலுவை நடுவார்கள். அனிமீத்தா என்போம். உடம்பு கல்லறையில் கிடந்தாலும் உயிர் அங்கேதான் தங்குமாம். கடந்து போகிற டிரைவர்கள் ஹாரன் அடித்து மரியாதை செய்வார்கள். இந்தப் பாலைவனத்தில்தான் அடிக்கு ஒன்று நிற்கிறதே, எத்தனைக்கு அடிப்பது? நான் அடிக்கவில்லை. உனக்கு மரியாதையே தெரியாது கிழவி என்று அவன் முணுமுணுத்தான். உன் மரியாதையை நீயே வைத்துக்கொள் என்றேன்.

கலாமா நெருங்குகையில் புது நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலையில் போகச் சொன்னான். பூநாரைக்கு இது சுற்று வழியாச்சே என்றேன். போ என்றான். ஒரு வளைவு வந்தது. எதிரே வந்த லாரிகள் ஒன்றுவிடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. இங்கே நிறுத்து என்றான்.

நிறுத்தினேன். இது மற்றவை மாதிரி இல்லை. தகரக் கூரையின் கீழ் மெழுகுவத்திகள், காகிதப் பூக்கள், தண்ணீர்ப் பாட்டில்கள், சுவர் கொள்ளாமல் 'கிடைத்த உதவிக்கு நன்றி' என்று பொறித்த பலகைகள். யாரோ பெரிய அற்புதக்காரன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே குனிந்து சிலுவையைப் படித்தேன். எரிபெர்த்தோ தபிலோ. என் புருஷன் பெயர். பிறந்த தேதி அவனுடையது. பக்கத்தில் இறந்த தேதி. நடுவில், கண்ணாடிக்குள், மீசை வைத்த காலத்து அவன் முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தேன். செத்தவன் குத்துக்கல் மாதிரி வண்டிப் படியில் நின்றுகொண்டு, தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இது என்னய்யா?" என்றேன்.

"கோவிக்காத, கிழவி. நிபால்தோ கட்டினான்."

நிபால்தோ அவனோடு வேலை பார்த்த டிரைவர். அந்த விபத்து எனக்குத் தெரியாததா என்ன? காலிப் பேருந்தைப் பட்டறைக்கு ஓட்டிப் போகையில் தாது லாரியோடு மோதியதும், நான் அந்தோஃபகாஸ்தா ஆஸ்பத்திரியில் அவன் தலைமாட்டில் கிடந்ததும் மறக்குமா? அன்று அந்த வழியாக வந்த நிபால்தோ, வெயிலுக்காக முகத்தை மூடிய துணியைப் பார்த்துவிட்டு ஆள் போய்விட்டான் என்றே முடிவு கட்டியிருக்கிறான். அழுது அழுது தன் கையாலேயே இதைக் கட்டினானாம். உயிரோடு இருக்கிற சேதி தெரிந்ததும் கடப்பாரையோடு இடிக்க வந்திருக்கிறான். அதற்குள் யாரோ ஒரு லாரிக்காரன் முதல் நன்றிப் பலகையை மாட்டிவிட்டான். வரம் கொடுத்த அனிமீத்தாவை இடிக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? கடப்பாரையோடு திரும்பிப் போய் என் கிழவனிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியிருக்கிறான். இந்த நெஞ்சழுத்தக்காரனும் இத்தனை வருஷமாக மூச்சுவிடவில்லை.

"மேல இருக்கறவங்க இந்தச் சிலுவையப் பார்த்துட்டு, இவன் இன்னும் வந்து சேரலியேன்னு ஆள் அனுப்பினா என்னய்யா பண்ணுவ?" என்று கத்தினேன்.

அவன் வண்டிக்குள் போனான். சட்டையில் சுற்றி ஒளித்து வைத்திருந்த ஒரு மெழுகுவத்தியையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்து வந்தான். ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறான்.

"எல்லாருக்கும் குடுக்கறானாம். எனக்கும் கேட்டுப் பார்க்கலாம்னுதான்..." என்றான். மெழுகுவத்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அப்போதுதான் தெரிந்தது, என்னைவிட இவன்தான் பயந்து போயிருக்கிறான் என்று.

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இரண்டு கையாலும் சிலுவையைப் பிடித்து ஆட்டினேன். இவன் ஆபரேஷன் மேஜையில் படுக்கும்போது இந்தத் தேதி இங்கே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சிலுவை ஆட்டம் கண்டுவிட்டது. அப்போது ஒரு சின்ன லாரி புழுதியோடு வந்து நின்றது. இறங்கிய பெண் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கைய எடுங்க, அம்மா. இவரு யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியுமாவாம்! இவன் யாரென்று என்னிடம் கேட்கிறாள்! உன் அற்புதக்காரன் சாகவே இல்லையடி, குறட்டை விடுவான், குளியலறை விளக்கை அணைக்க மாட்டான், அதோ நிற்கிறான் பார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவளுடைய இன்னொரு கையில் ஒரு ஜோடிக் குழந்தைக் காலணி இருந்தது. தேய்ந்த காலணி. மாசம் ஆகாமல் பிறந்த மகள், உள்ளங்கை அளவே இருந்தவள், இன்று நடந்து நடந்து இதைத் தேய்த்துவிட்டாளாம். நேர்ந்துகொண்டபடி வைக்க வந்திருக்கிறாள். யாஸ்னா என்று தன் பெயரைச் சொன்னாள். சொல்லும்போதே சிரித்தாள். என் வாய் தானாக மூடிக்கொண்டது.

அவள் கிழவனைப் பார்த்து, இவர் உங்களுக்குப் பழக்கமா ஐயா என்று கேட்டாள்.

"கொஞ்சம் பழக்கம். நீங்க எல்லாரும் சொல்ற அளவுக்கு நல்லவன் இல்லம்மா," என்றான் அவன்.

அவள் முகம் சுளித்தாள். செத்தவர்களை அப்படிப் பேசக் கூடாது என்று அவனைக் கண்டித்துவிட்டு, காலணியை வைத்தாள். சிலுவையை நானும் அவளுமாக நிமிர்த்திக் கல் வைத்து இறுக்கினோம். போகும்போது, கேளுங்கள் அம்மா, இவர் இல்லையென்று சொல்லவே மாட்டார், ஆனால் வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் என்று என் காதில் சொன்னாள்.

அவள் வண்டி மறைந்ததும் கிழவன் கையிலிருந்த மெழுகுவத்தியைப் பிடுங்கினேன். நீ கேட்காதே, நான் கேட்கிறேன் என்றேன். காற்றில் மூன்று தடவை அணைந்தது, நாலாவது தடவை பற்றிக்கொண்டது. மண்ணில் மண்டியிட்டேன். கண்ணாடிக்குள் மீசைக்காரன் சிரித்துக்கொண்டே இருந்தான். அவன் இளசாக இருந்தான். நான் கட்டிக்கொண்டது அவனைத்தான்.

"எரிபெர்த்தோ ஐயா, ஊரான் பிள்ளைக்கெல்லாம் குடுக்கறீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க. என் கிழவன் அந்த மேஜையிலேர்ந்து எழுந்து வரணும். வந்தான்னா அவனையே கூட்டிட்டு வந்து உங்க முன்னாடி நிறுத்தறேன்."

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே போய் வண்டியைக் கிளப்பினேன். அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். கியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வளைவைக் கடக்கும்போது ஹாரனை அழுத்தினேன். கையை எடுக்காமல் நீளமாக அழுத்தினேன். எதிரே வருகிற வண்டி ஹாரன் அடித்தால் டிரைவர்கள் பதிலுக்குக் கையைத் தூக்குவார்களே, அந்த மாதிரி, நேரே சாலையைப் பார்த்தபடியே என் பக்கத்தில் இருந்தவன் கையைத் தூக்கினான்.