முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது

வெள்ளகோவிலுக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊருக்குப் பெருமை என்று ஒன்று வேண்டுமென 1969-இல் டவுன் பஞ்சாயத்து ஏகமனதாகத் தீர்மானித்தது. தேடிப் போக வேண்டியதில்லை, ஊர் நடுவிலேயே நின்றது: நாலடுக்குக் கல் மச்சு. எந்தக் காலத்திலோ ஒரு பாளையக்காரர் பகையாளிக்குப் பயந்து, கீழே தானியமும் மேலே பெண்டு பிள்ளைகளுமாக அதற்குள் குடியிருந்தார். ஒரே வாசல், அதுவும் குனிந்து நுழைகிற உயரம். 'வீரத்தின் சின்னம்' என்று தீர்மானத்தில் எழுதினார்கள்.

மச்சு பிற்பாடு பஞ்சாயத்து பிரசிடெண்ட் தண்டாயுதபாணியின் குடும்பத்துக்கு வந்து பருத்திக் கிடங்காக இருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்த பிறகு அவருக்குக் கிடங்கு தேவைப்படவில்லை. தேவைப்படாததை ஊருக்குத் தானம் கொடுத்து, மாலை போட்டுக்கொண்டார். மியூசியம் தயார். உள்ளே வைக்கச் சாமான்தான் இல்லை. அதையும் அவர் வீட்டுப் பரணிலிருந்தே இறக்கினார்கள்: வெற்றிலை எச்சில் துப்புகிற ஒரு படிக்கம், ஓடாத கடிகாரம், துருப்பிடித்த ஈட்டி, ஒரு தொழுமரம்.

தொழுமரம் என்பது ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இரண்டு நீளக் கட்டைகள். நடுவே கால் நுழைய நாலு ஓட்டை. ஓரத்தில் ஆப்பை அடித்து இறுக்கிவிட்டால், உள்ளே காலை விட்ட இரண்டு ஆளும் வேறொருவர் வந்து தட்டிவிடும் வரை எழுந்திருக்க முடியாது.

சாமான்களுக்குப் பலகை எழுத, கம்பெனியில் பனியன் பெட்டிகளுக்கு மார்க்கு அடிக்கிற ராஜா முகமது வந்தார். தகரத்தில் எழுத்தை வெட்டி, மேலே மை தடவுகிற வேலை.

"எத்தனை வருசம்னு வெட்டறதுங்க?"

"முந்நூறுன்னு வெட்டுங்க, பாய்," என்றார் பிரசிடெண்ட்.

"கெடியாரத்துக்குமுங்களா? லண்டன்னு போட்டிருக்குதே."

"அதுக்கும் முந்நூறுதான். ஒண்ணுக்குக் கூட்டி ஒண்ணுக்குக் கொறச்சா நல்லாவா இருக்கும்?"

தகரம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

மச்சுக்குள் பஞ்சுத் தூசியைக் கூட்டித் துடைத்தவன் நல்லான். ஐம்பது வயது. அங்கே வாட்ச்மேன் வேலை வருமென்று நம்பியிருந்தான். அவன் மனைவி பழனாயி இருபது வருசமாக ஜின்னிங் மில்லில் பஞ்சுக்குள் நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவள். இன்னும் ஒரு வருசம் மில்லுக்குப் போனால் ஆள் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை கிடைத்தால் அவள் வீட்டில் இருந்துகொள்வாள். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தொழுமரத்தைத் துடைக்கும்போது மட்டும் கை நின்றது. "பாய், இதுக்கு மட்டும் இருவத்திமூணுன்னு போட முடியாதுங்களா?"

ராஜா முகமது அவன் கணுக்காலைப் பார்த்தார். சுற்றிலும் தண்டை போட்ட மாதிரி தழும்பு. இருபத்து மூன்று வருசத்துக்கு முன்னால் நல்லானும் அவன் அண்ணன் கன்னையனும் பிரசிடெண்டின் அப்பாவிடம் பண்ணையத்தில் இருந்தார்கள். சொல்லாமல் திருப்பூருக்கு மில் வேலைக்குப் போனார்கள். வண்டி வைத்துப் பிடித்து வந்து, இதே மச்சில், இதே மரத்தில், மூன்று நாள். கன்னையனுக்குக் கால் கறுத்துப் பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தான். ஆப்பு அடித்தது அப்போது இளவட்டமாக இருந்த தண்டாயுதபாணி.

"தகரம் ஒண்ணுதானே இருக்குது, நல்லா," என்றார் ராஜா முகமது. அவருக்கும் கம்பெனியில் வேலை இருந்தது.

திறப்பு விழாவுக்குக் கலெக்டர் வந்தார். ஈட்டியைப் பார்த்து வியந்தார், படிக்கத்தைப் பார்த்து வியந்தார், தொழுமரத்தின் முன்னால் நின்றார். "இது எப்படி வேலை செய்யும்?"

"டேய் நல்லா, உக்காந்து காட்டு," என்றார் பிரசிடெண்ட்.

நல்லான் உட்கார்ந்தான். இடது காலைச் சாய்த்து முதலில் விட்டு, பிறகு வலது காலை விட்டான். யாரும் சொல்லித் தரவில்லை. பிரசிடெண்ட் மேல்கட்டையை இறக்கினார். ஆப்பை நேராக இரண்டு தட்டு, சாய்த்து ஒரு தட்டு. அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. நாடகத்துக்கு ஒத்திகை பார்த்தவர்கள் மாதிரி இருந்தது.

கலெக்டர் கெட்டிக்காரர். "உங்களுக்கு எப்படிப் பழக்கம்? இதுக்கு முன்னாடி எப்ப உக்காந்தீங்க?"

நல்லான் பலகையைப் பார்த்தான்.

"முந்நூறு வருசம் ஆச்சுங்க, சாமி."

கலெக்டர் சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே விருந்துக்குப் போனார்கள். பாயசம் முடிந்து வெற்றிலை போடுகிற சமயத்தில்தான் யாருக்கோ ஞாபகம் வந்து ஆப்பைத் தட்டிவிட்டார்கள்.

வாட்ச்மேன் உத்தரவு ஒரு வாரத்தில் வந்தது. பழனாயி மில்லுக்குப் போகாமல் நாலு நாள் பகலில் தூங்கினாள். ஐந்தாம் நாள் தாராபுரத்திலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். நல்லான் தொழுமரத்தில் காலை விட்டு உட்கார்ந்தான்.

"ரெண்டு ஓட்டை காலியா இருக்குதுங்களே," என்றார் வாத்தியார்.

கூட வந்திருந்த பிரசிடெண்டுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. "உன்ற சம்சாரம் ஊட்டுல சும்மாதானே இருக்கறா? வரச்சொல்லு."

"அது எங்கண்ணன் எடமுங்க, சாமி."

"இருக்கட்டும். அவன் திரும்பி வரவா போறான்? வேண்டாம்னா சொல்லிப்போடு, இந்த வேலைக்கு ஆறு பேரு நிக்கறாங்க."

பழனாயியைக் கூட்டி வந்தார்கள். உட்கார்ந்து புடவையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். மேல்கட்டையை இறக்கியும் பிடிப்பில்லை. மெலிந்த கால், லேசாக இழுத்தாலே வெளியே வந்தது. பிள்ளைகள் கலகலவென்று சிரித்தார்கள்.

"பாய், வெளிய நிக்கற கம்பெனி வண்டியில இருந்து கட்டிங் வேஸ்ட்டுக் கொஞ்சம் கொண்டாங்க," என்றார் பிரசிடெண்ட்.

ராஜா முகமது பனியன் துணித் துண்டுகளைக் கொண்டுவந்து, குனிந்து, அவள் கணுக்காலைச் சுற்றிக் கட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. துண்டுகளிலிருந்து பஞ்சு பறந்தது. பழனாயி இருமத் தொடங்கினாள்.

நேராக இரண்டு தட்டு, சாய்த்து ஒரு தட்டு.

"பலகையில இருக்கறதை எழுதிக்குங்க," என்றார் வாத்தியார். பிள்ளைகள் நோட்டைத் திறந்தார்கள். இருமல் நிற்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பாமல் நல்லான் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.