முருகன் படத்துக் காஸ்கட்

ஆழ்வாப்பிள்ளை தன் பழைய ஒஸ்ரின் காரை நிறுத்தியதுமே கத்தத் தொடங்கிவிட்டார். "நேற்றுத்தானே பூட்டித் தந்தனி? இண்டைக்கு எண்ணெய் எரிஞ்சு மணக்குது. என்ன வேலையடா செய்தனி?"

மெக்கானிக் பஞ்சலிங்கத்துக்குச் சுரீரென்றது. பொருளாதாரத் தடையால், எண்ணெய் கசியாமல் அடைக்கும் காஸ்கட் கிடைக்காத காலத்தில், கலண்டர் அட்டையை அளவாக வெட்டி எஞ்சின் மூடிக்குக் கீழே வைத்துப் பூட்டியவன் அவன்.

பொனற்றைத் திறந்தான். மூடியைச் சுற்றிக் கசிந்த எண்ணெய், சூடான புகைக்குழாயில் விழுந்து கருகிக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றினான். அட்டையைக் காணவில்லை.

"அட்டை எங்கையண்ணை?"

"அதிலை முருகன்ரை முகம் கிடந்தது. நான்தான் கழட்டிச் சாமியறையிலை வைச்சனான்."

பஞ்சலிங்கம் கத்தரிக்கோலை எடுத்தான்.

"அப்ப உங்கடை படமொண்டைக் கொண்டுவாங்கோ. உங்கடை முகத்தை நெரிச்சால் எனக்கொரு பாவமும் வராது."