பால்குடி மறக்கும் வரை

1

இந்தக் கதை எனக்குக் குடும்ப நீதிமன்றத்தின் மாடிப்படியில் கிடைத்தது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, என் மகளைப் பார்க்க எனக்கு உத்தரவு இருக்கிறது. அவளுடைய அம்மா அழைத்து வருவதற்கு முன்பே போய்ப் படியில் உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான வக்கீல் பேச்சுவாக்கில் சொன்னார்: அந்தக் காலத்தில் சில சாதிகளில் இதெல்லாம் ரொம்பச் சுலபம், பிள்ளை பால்குடி மறக்கிற வரைக்கும் தாயிடம், மறந்த பிறகு தகப்பனிடம், அவ்வளவுதான் சட்டம். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு அன்று முழுக்க ஒரே யோசனை. மறக்கடிக்கவே மாட்டேன் என்று ஒரு தாய் இருந்துவிட்டால்?

அந்த ஒரு கேள்விதான் கையில் இருந்தது. மற்றதெல்லாம் நான் கட்டியது. (பழைய கோர்ட்டுக் காகிதக் கட்டு ஒன்று கிடைத்தது என்றுதான் முதலில் எழுதினேன். உங்களுக்கும் நம்ப வசதியாக இருந்திருக்கும். பொய். கட்டும் இல்லை, காகிதமும் இல்லை.)

2

முதல் ஆரம்பம் இப்படி இருந்தது: "1923-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் கோபுரத்தின் மேல் காலை வெயில் விழுந்துகொண்டிருந்த வேளையில்—"

கோபுரத்தில் ஆரம்பிக்காத காஞ்சிபுரக் கதை ஒன்றாவது இருக்கட்டும் என்று அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனியாக ஓடி ஒன்றாகக் கோத்துக்கொள்வதைப் போல, கணவனும் மனைவியும்—"

இதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருந்தது. ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு யாராவது கேட்டால் கொடுக்கலாம்.

மூன்றாவதுதான் நின்றது. பஞ்சாயத்தில் பரசுராமன் துரும்பைக் கிள்ளிப் போட்டபோது கிருஷ்ணம்மாள் துரும்பைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த ஒரு வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்களில் அதுதான் வழக்கம். புருஷன் நாலு பேர் முன்னால் துரும்பைக் கிள்ளிப் போட்டால் கல்யாணம் தீர்ந்தது. (அவர்கள் என்ன சாதி என்று எழுதவில்லை. எழுதினால், எங்களில் அப்படி வழக்கமே கிடையாது என்று கடிதம் வரும்.) ஏன் தீர்த்துக்கொண்டார்கள் என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. முதல் வரைவில் பரசுராமனைக் குடிகாரனாக்கினேன். அவன் எனக்கு ஒத்துழைக்கவில்லை. ஒழுங்காக நெய்கிறவன், அடிக்கிறவன் இல்லை. வீட்டுக்குள் வந்தால் பேசமாட்டான். மூன்று வருஷம் சுவரோடு குடித்தனம் நடத்திய மாதிரி இருந்தது அவளுக்கு. போகிறேன் என்றாள். போ என்றான். இந்த உலகத்தில் பாதிப் பேர் இப்படித்தான் பிரிகிறார்கள், கதையில்தான் அதற்கு மரியாதை இல்லை.

நாட்டாண்மைக்காரர் வீராசாமி அடுத்துப் பிள்ளையின் விஷயத்துக்கு வந்தார்.

"பால்குடி மறக்குற வரிக்கும் பிள்ளை தாயாருகிட்ட இருக்கட்டும். மறந்த அன்னிக்கி அப்பன் வூட்டுக்கு. இன்னாபா, சம்மதமா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். எத்தனை வயது வரைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுவரைக்கும் கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வந்ததில்லை. பிள்ளைகள் தாமாகவே மறந்துகொண்டிருந்தன.

3

கிருஷ்ணம்மாள் ஓரிக்கையில் அண்ணன் சிட்டிபாபு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவன் தறிக்கு ஊடைநூலைத் தாரில் சுற்றிக் கொடுத்தாள். தறிக்காரர்களுக்கு அமாவாசை லீவு. அன்று தறியைத் தொடமாட்டார்கள். அதனால் பரசுராமன் அமாவாசைக்கு அமாவாசை சின்ன காஞ்சிபுரத்திலிருந்து நடந்து வருவான். வாசலிலேயே நிற்பான்.

"பால் மறந்துடுச்சா?"

"இல்ல."

போய்விடுவான். முதல் வருஷம் இவ்வளவுதான் பேச்சு. குடித்தனம் நடத்தியபோது பேசியதை விட இது ஜாஸ்தி என்று கிருஷ்ணம்மாள் அண்ணியிடம் சொன்னாளாம்.

இரண்டாம் வருஷம் அவன் பிள்ளைக்குப் பொரி வாங்கி வந்தான். மூன்றாம் வருஷம் பிள்ளை வரலக்ஷ்மி அவனை அப்பா என்று கூப்பிட்டாள். பொரியைத் தின்றுவிட்டு, கேள்வி வந்ததும் ஓடிப்போய் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போவான். பால் பல் முளைத்தது. பால் பல் ஆடியது. பதில் மட்டும் மாறவில்லை. ஊர் சிரித்தது. வீராசாமியிடம் போய் ஒரு வயதுக் கணக்குச் சொல்லுங்கள் என்று யாரோ கேட்டதற்கு, சபையில் சொன்ன சொல்லில் தன்னால் ஒட்டுப் போட முடியாது என்றுவிட்டார்.

(இந்த இடத்தில் எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம். ஆறு வயது வரைக்கும் முடியுமா? என் அக்காவிடம் கேட்டேன். உனக்கு வேறு கதையே கிடைக்கவில்லையா என்று திட்டினாள். இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள்: "அவளுக்கு எப்பவோ நின்னுபோயிருக்கும்டா. வெளிய சொல்லாம இருந்திருப்பா." அதுவரைக்கும் கிருஷ்ணம்மாளை ஒரு பிடிவாதக்காரி என்றுதான் நினைத்திருந்தேன்.)

4

ஆகவே இது நடந்தது. வரலக்ஷ்மிக்கு மூன்று வயதாகும்போது கிருஷ்ணம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. இருபது நாள் கிடந்து எழுந்தபோது பால் வற்றியிருந்தது. பிள்ளை விடவில்லை. வெறும் மார்பைத் தேடித் தேடி அழுதது. ஒருநாள் மத்தியானம் அவள் தன் கையாலேயே வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டாள். பிள்ளை வாய் வைத்துவிட்டு, ஏமாற்றப்பட்டது போல அவளை நிமிர்ந்து பார்த்தது. மறுநாளிலிருந்து கேட்கவில்லை.

ஊரில் எல்லாத் தாயும் செய்கிற காரியம்தான். ஆனால் மற்றவர்கள் செய்துவிட்டுப் பக்கத்து வீட்டில் சொல்வார்கள். கிருஷ்ணம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிள்ளையை அருகில் இழுத்து, அப்பா வந்து கேட்டால் ஓடிவந்து மடியில் படுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். அது ஒரு விளையாட்டு என்றாள். அன்று ராத்திரி— (வேண்டாம். அவள் அழுதாள் என்று எழுத வந்தேன். அழுதாளோ என்னவோ, நான் பார்க்கவில்லை.)

5

பரசுராமன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை இல்லை. 1928-இல் ஒரு வக்கீல் அவனிடம், காலம் மாறிவிட்டது, துரும்பும் பாலும் செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் செல்லாது, தகப்பன்தான் கார்டியன், மனுப் போடு என்றார். போட்டான். அவனைக் கெட்டவனாக நினைக்காதீர்கள். ஐந்து வருஷம் வாசலில் நின்றவனுக்குத் தன் பிள்ளை வேண்டியிருந்தது.

(பாருங்கள், அவனுக்காக நான் எவ்வளவு சுலபமாக வாதாடுகிறேன். மூன்றாவது வரைவில்தான் கவனித்தேன், அவனுக்கு என் சட்டையைப் போட்டுவிட்டிருக்கிறேன்.)

கிருஷ்ணம்மாளுக்கும் ஒரு வக்கீல் அமைந்தார். சின்ன காஞ்சிபுரத்துக் கிருஷ்ணஸ்வாமி. நல்லவர், பொறுமையாக விளக்கினார். கோர்ட்டுச் சட்டத்தில் தகப்பனுக்கு முதல் பாத்தியதை உண்டு, ஆனால் பிள்ளைக்கு எது நல்லது என்பதையும் ஜட்ஜ் பார்ப்பார். ஆறு வயதில் இன்னும் பால் கொடுக்கிறேன் என்று அவள் சொன்னால், பிள்ளையைக் கெடுக்கிறவள் என்று தீர்ப்பாகிவிடும். அதனால் பால் மறந்தாயிற்று, பள்ளிக்கூடம் அனுப்பப் போகிறேன் என்று சொல்ல வேண்டும்.

கிருஷ்ணம்மாள் கேட்டாள்: "சாமி, மறந்துடுச்சுன்னு நான் சொல்றப்ப நாட்டாம அங்கியே குந்திக்கினு இருப்பாரே?"

இருப்பார். வீராசாமி அவன் தரப்புச் சாட்சி. கூண்டில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னால், கோர்ட்டு பிள்ளையை அவளிடமே விட்டாலும், அன்று சாயங்காலமே பஞ்சாயத்து பிள்ளையைக் கேட்டு வாசலுக்கு வரும். மீறினால் சிட்டிபாபுவைச் சாதியை விட்டுத் தள்ளி வைப்பார்கள். அவனுக்கு நெய்யப் பாவுநூல் கொடுக்க ஆள் இருக்காது. அண்ணன் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டான்: "கோர்ட்டு இன்னா சொன்னாலும் நான் இங்கதாம்மா பொழைக்கணும்."

பால் மறந்ததா என்ற கேள்விக்கு ஆமாம் என்றால் ஊர் பிள்ளையை எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த மாதிரி ஒரு சிக்கலை அவர் படித்த புத்தகத்தில் யாரும் போட்டிருக்கவில்லை.

6

வாய்தா ஒரு அமாவாசையில் விழுந்தது. செங்கல்பட்டுக்குக் காலையில் ஒரே ரயில். அதனால் எல்லோரும் அதில்தான் போனார்கள். வீராசாமியும் சிட்டிபாபுவும் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார்கள். கிருஷ்ணம்மாள் பிள்ளையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிரில் பரசுராமன். வேறு இடம் இல்லை.

அவன் ஸ்டேஷனில் வாங்கிய வேர்க்கடலை உருண்டையை வரலக்ஷ்மியிடம் நீட்டினான். அவளுக்கு முன்பல் இரண்டு விழுந்திருந்தது. கடைவாய்க்குத் தள்ளிக் கடித்தாள். பாதி தின்றதும், விளையாட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அமாவாசை, அப்பா, தின்பண்டம், எல்லாம் சரியாக இருந்தது. கேள்வியைத்தான் இன்னும் காணோம். அவன் கேட்பான் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்:

"எனக்குப் பாலு வேணாம்பா. கசக்கும். அம்மா அப்பவே வேப்பெண்ண தடவிடுச்சு."

கிருஷ்ணம்மாள் மூன்று வருஷம் கட்டிக் காத்தது ஒரு கடலை உருண்டையில் போயிற்று. அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

பரசுராமன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் உன்ன ஒண்ணும் கேக்கலியே கண்ணு. துன்னு."

அவனுக்கு எப்போதிலிருந்து தெரியும்? இன்றைக்கா, மூன்று வருஷமாகவா? கிருஷ்ணம்மாளுக்கு அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. அவள் உண்மையைச் சொல்கிறாள். ஜட்ஜ் பிள்ளையைத் தாயிடமே விடுகிறார். வெளியே மரத்தடியில் வீராசாமி காத்திருக்கிறார். (ஜட்ஜ் வெள்ளைக்காரரா நம்மவரா என்று கடைசி வரை முடிவு செய்யவில்லை. எவராக இருந்தாலும் மரத்தடி அவர் அதிகாரத்துக்கு வெளியே.)

ஆ. அவள் இல்லை என்கிறாள். பரசுராமன் எழுந்து, பொய் என்கிறான். பிள்ளை அவனோடு போகிறது. மறுபடி படிக்காமலே தூக்கிப் போட்டேன்.

இ. அவள் இல்லை என்கிறாள். பரசுராமன் எழுந்து, ஆமாம், இன்னும் மறக்கவில்லை என்கிறான். மனுவை வாபஸ் வாங்குகிறான். அமாவாசைக்கு அமாவாசை மறுபடி பொரியோடு வருகிறான். இது மிகவும் பிடித்திருந்தது. படித்துக்காட்டினால் எல்லோரும் அழுவீர்கள். நானே அழுதேன். அப்புறம்தான் உறைத்தது: பிள்ளையைப் பெற்று, காய்ச்சலில் கிடந்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தவள் கிருஷ்ணம்மாள். கடைசிப் பக்கத்தில் நல்ல பெயர் வாங்குகிறவன் அவன். என் சட்டையைப் போட்டிருக்கிறவன். கிழித்துப் போட்டேன்.

8

போன சனிக்கிழமை என் மகள் வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவளிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். "அப்பாகூட வந்துடுறியா?" விளையாட்டாகக் கேட்பது போலத்தான் கேட்பேன். அவள் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டு, "தெரியலப்பா" என்பாள். மூன்று வருஷமாக அதே பதில்.

அன்று கேட்கவில்லை. படியில் உட்கார்ந்து தாயம் ஆடினோம். இரண்டு ஆட்டத்திலும் அவள்தான் ஜெயித்தாள். மணி ஒன்றாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது காய்களை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னிக்குக் கேக்கலையாப்பா?"

இல்லை என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்தப் பத்து நிமிஷமும் சாய்ந்தபடியே இருந்தாள். இத்தனை நாள் நான் அவளை என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அப்போது தெரிந்தது.

9

செங்கல்பட்டில் கிருஷ்ணம்மாள் கூண்டில் ஏறிவிட்டாள். சத்தியம் செய்துவிட்டாள். வீராசாமி முன் பெஞ்சில் இருக்கிறார். பின் பெஞ்சில் பரசுராமன், பக்கத்தில் வரலக்ஷ்மி, அவள் உள்ளங்கையில் உருண்டையின் மிச்சம் பிசுபிசுத்துக்கொண்டிருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை கேட்ட கேள்வியை இன்று ஜட்ஜ் கேட்க வேண்டும். ஆறு வரைவிலும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி என்னால் ஆகாது. எழுந்துவிட்டேன், நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள். அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.