போகாமல் எழுதிய தேசம்

1

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நான், அச்சகத்தில் பிழை திருத்தும் என் தம்பி, தையல் வேலை செய்யும் அவன் மனைவி, ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர். என் மனைவி சமையலறையில் இருந்தாள், காது மட்டும் கூடத்தில். வேறு யாரும் இல்லை. அன்று நடந்ததை நேரில் பார்த்ததாகச் சொல்லித் திரியும் மற்ற அத்தனை பேரும் புளுகர்கள். அவர்களால்தான் எழுத உட்கார்ந்தேன். கதை எழுதும் ஆசை எனக்குக் கிடையாது.

2

முதல் தொடக்கம்: வெந்நீர் ஊற்றுகள் வானத்துக்குப் பீறிடும் அந்தத் தூர தேசத்தில், ஒரு காலை நேரம், என் தம்பி

(அடித்துவிட்டேன். அவன் அங்கே போனதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: என் தம்பி ஒரு பொய்

(இதையும் அடித்தேன். என் குடும்பத்தைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் என் கையெழுத்தில் இருக்கக் கூடாது.)

சரி, நேராகவே சொல்கிறேன். ஒரு வார இதழில் இருபத்திரண்டு வாரம் அந்தத் தேசத்துப் பயணக் கட்டுரை எழுதினான் தம்பி. பனிமலை, எரிமலை, அருவி எல்லாம் வந்தன. நூலகப் புத்தகங்களையும் ஒரு வரைபடத்தையும் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில், அச்சகத்து மேசையில் எழுதியது. கற்பனை என்று ஒரு வரி போட்டிருக்கலாம். போடவில்லை. தெரிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. தெருவில் எனக்கு வணக்கம் வைப்பவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது.

(பதினேழாம் வாரத்துப் பனிமலையை மூன்று தடவை படித்தேன். கதைக்குத் தேவையில்லாத தகவல்.)

3

நர்ஸம்மா கட்டுரைகளை வெட்டி ஒட்டிய நோட்டோடு வந்திருந்தார். நாற்பது வருடம் ஊசி போட்ட கை. நோட்டைப் பிடித்த பிடியிலேயே எனக்குக் கிலி. (இவரைச் சரியாக எழுத வரவில்லை. இதைவிட இனியவர்.)

"ஆறு மாசம் கழிச்சு நாங்க நாலு பேர் அங்க போறோம். நீங்களும் வரணும். அருவிக்குப் பின்னால ஒரு பாறையில உக்காந்தேன்னு எழுதினீங்களே, அதக் காட்டணும்."

தம்பி என்னைப் பார்த்தான். ஐம்பத்தெட்டு வயது. பரீட்சையில் தோற்ற நாளில் பார்த்த அதே பார்வை.

அவனுக்கு மூட்டுவலி என்று சொல்ல வாயெடுத்தேன். (ஒரு வரைவில் சொல்லியும் விட்டேன்.) அதற்குள் தம்பி மனைவி பல்லில் கடித்திருந்த குண்டூசியை எடுத்தாள்.

"அம்மா, இவர் நம்ம ரயில்வே ஸ்டேஷனத் தாண்டினதில்ல. ஊஞ்சல்ல உக்காந்தாலே தலை சுத்தும்பாரு."

நர்ஸம்மா சிரித்தார். "தெரியும்மா. அந்த ஊத்துப் பக்கம் போனா அழுகின முட்டை நாத்தம் குடலப் புடுங்குமாம். போனவங்க எல்லாரும் மொதல்ல அதத்தான் சொல்றாங்க. இருபத்திரண்டு வாரத்துல உங்க வீட்டுக்காரர் மூக்கையே காணோம்!"

"அப்புறம் எதுக்குக் கூப்பிடறீங்க?" என்றேன், விறைப்பாக.

"பாக்காமலே இவ்வளவு ஆசையா எழுதினவரு, பாத்தா என்ன ஆவாரு? அதப் பாக்கணும் சார்."

4

"அண்ணா, நான் போகட்டுமா?" என்றான் தம்பி.

இந்த இடத்தில் பேனாவை மூன்று நாள் மூடி வைத்தேன். போவதென்றால் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். விசாரிக்க ஆள் வருவார், அக்கம்பக்கத்தில் கேட்பார். அவனுக்கு இதுதான் முதல் பாஸ்போர்ட் என்று மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். போகாவிட்டால் மானம் தப்பும். ஆனால் அவன் காலம் முழுக்க அடுத்தவர் எழுத்தில் காற்புள்ளி வைத்துக்கொண்டிருப்பான்.

முடிவு அ: கூடாது என்றேன். அவன் தலையாட்டினான். யாரும் எதுவும்

(இல்லை. இதை எழுதும்போது கை ஓடவில்லை.)

முடிவு ஆ: "போடா" என்றேன். என் மனைவி சமையலறையில் எதையோ கீழே போட்டாள்.

5

ஆ-வையே வைத்துக்கொள்கிறேன். அங்கே தம்பி அருவிக்கு முன்னால் நின்று என்ன செய்தான், என்ன சொன்னான் என்பதை எழுத மாட்டேன். அந்தத் தேசத்தைப் பற்றி எங்கள் குடும்பம் எழுதியது போதும். அந்தப் பக்கத்தை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். போகாமலே எழுதலாம் என்பதற்குத்தான் வீட்டிலேயே சாட்சி இருக்கிறதே.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். அண்ணன் பேச்சை மீறித் தம்பி தனியாகக் கிளம்பிப் போனான் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. பொய். விமானத்தில் ஜன்னலோர இருக்கை எனக்குத்தான். மூத்தவன் நான்.