தலைமயிருக்குள் போன கை

மிதுஷாவின் தலைமயிர் பொருட்களை விழுங்கத் தொடங்கியது அவளுக்குப் பல் முளைத்த மாதத்தில். முதலில் போனது ஒரு நீலச் சீப்பு. தாய் நிரோஜினிக்கு டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை. தகப்பன் கோஃபி கானாக்காரன். அவனுடைய சுருள் மயிர்தான் மகளுக்கும். நிரோஜினிக்குத் தெரிந்த முறை ஒன்றே: தேங்காயெண்ணெய் வைத்து, காய்ந்த தலையை உச்சியிலிருந்து இழுத்து வாருவது. சின்னதில் அவளுக்கும் அப்படித்தான் வாரினார்கள். சீப்பு உள்ளே போகும், வராது. தடவினால் மயிர் மட்டும் இருக்கும். கோஃபியைக் கேட்டால், ஊரில் இதெல்லாம் அக்காமாரின் வேலை, தனக்கு மொட்டையடிக்க மட்டும் தெரியும் என்பான்.

நகரத்துச் சலூன்களும் முயன்று பார்த்தன. ஒருத்தி, செம்மறி மாதிரி இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் அளைந்தாள், கத்தரிக்கோல் போயிற்று. அடுத்த சலூனில் ஹெயார் ட்ரையர் வயரோடு போயிற்று. பிறகு பெயரைச் சொன்னாலே நேரமில்லை என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, கத்தரிக்கோல் இல்லாமல் எப்படித் தொழில் செய்வது?

இந்த வருடம் மிதுஷா பெரியபிள்ளையானாள். சாமத்திய வீட்டு விழாவுக்கு மண்டபம் எடுத்து, தூரத்துப் புரொண்பியிலிருந்து சொந்தங்களையும் அழைத்தாயிற்று. அலங்காரம் செய்கிற ஞானேஸ்வரி வந்து தலையைச் சுற்றிப் பார்த்தாள். "நேராக்காமல் இதிலை சடைநாக நகை நிக்காது, பிள்ளை. நான் கிறீம் கொண்டு வாறன்" என்றாள். மிதுஷா வேண்டாமென்று டெனிஷில் சொன்னாள், பிறகு எல்லாருக்கும் விளங்கட்டும் என்று தமிழிலும் சொன்னாள்: "நேராக்கினா நான் மண்டபத்துக்கு வரமாட்டன்." ஓகூஸ் நகரத்தில் ஒரு சலூன் இருக்கிறது, அங்கே இந்த மயிரைத் தெரியும் என்று அவள் மாதக்கணக்காகச் சொல்லிவந்தாள். தலை வார ரயில் ஏறுவார்களா என்று தாய் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விழாவுக்கு முதல்நாள் காலை, ஒருதரம் வாரிப் பார்ப்போம் என்று நிரோஜினி சீப்பை இழுத்தாள். சீப்போடு அவளுடைய கையும் மணிக்கட்டுவரை போய் நின்றுவிட்டது. சவர்க்காரம் போட்டார்கள், எண்ணெய் விட்டார்கள், கோஃபி பிடித்து இழுத்தான். ஞானேஸ்வரி போனில், கிறீம் போட்டால் மயிர் இளகும், இப்போதே வருகிறேன் என்றாள். கோஃபி மொட்டையடிக்கும் மெஷினை எடுத்தான். மகள் பார்த்த பார்வையில் திரும்ப வைத்தான். அதன்பிறகுதான் ரயில் ஏறினார்கள். தாயும் மகளும் ஒட்டியபடி நின்றார்கள். டென்மார்க் ரயிலில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை; பரிசோதகர் டிக்கெட்டை மட்டும் பார்த்தார். வீபோர்க் தாண்டும்போது முழங்கையும் உள்ளே போயிருந்தது.

சலூன்காரி ஃபாட்டு, காம்பியாக்காரி, ஆச்சரியப்படவில்லை. தாயைப் பார்க்காமல் மிதுஷாவின் முன்னால் குனிந்து, தொடலாமா என்று கேட்டாள். மிதுஷா தலையாட்டினாள். தண்ணீர் தெளித்து, மயிரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நுனியிலிருந்து மேல்நோக்கி அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்தாள். நீலச் சீப்பு வந்தது. கத்தரிக்கோல் வந்தது. ட்ரையர் வயரோடு வந்தது. கை வரவில்லை.

நான் கேட்டேன், நீங்கள் கேட்டீர்களா என்றாள் ஃபாட்டு தாயிடம்.

நிரோஜினிக்குக் கோபம் வந்தது. "பெத்த பிள்ளையின்ரை தலையைத் தொடக் கேக்கிறதோ?" என்று தமிழில் சொன்னாள். மயிர் அவளைத் தோள்வரை இழுத்தது. கன்னம் மகளின் கன்னத்தில் போய் முட்டியது. அது ஈரமாக இருந்தது.

"நோகுதோ, பிள்ளை?"

"எப்பவும் நோகும், அம்மா. நீங்கள் கேக்கேல்லை."

சலூனில் எல்லாச் சீப்புகளும் நின்றன. நிரோஜினி மற்றக் கையால் மகளின் கன்னத்தைத் துடைக்கப் போய், நிறுத்தினாள்.

"தொடட்டே?"

மிதுஷா யோசித்தாள். "ஓம். மெதுவா."

கை சீப்போடு வந்தது. விரலில் மோதிரமும் இருந்தது.

மறுநாள் மண்டபத்தில் மிதுஷா சிறுசிறு பின்னல்களை உச்சியில் கோபுரமாகத் தூக்கிக் கட்டி, இடையிடையே பூச்செருகி வந்தாள். சடைநாகம் நன்றாகவே நின்றது. இதென்ன கோலம் என்று ஞானேஸ்வரி கைவைத்தாள். இரண்டு காப்புகள் போயின. சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வந்து கேட்டுத் தொட்டாள், ஒன்று வந்தது. மற்றதுக்கு அவள் அவசரப்படவில்லை. எங்கே இருக்கிறதென்று தெரியும்தானே என்கிறாள்.